வணிகப் பட்டப்படிப்பில் எந்த மேஜர் எடுத்தால் வேலைக்கு உதவும்?

முதலாண்டு முடிந்துவிட்டது, அடுத்த பருவம் தொடங்குவதற்குள் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, சொல்லியாக வேண்டும், கணக்கியல், நிதி, மார்க்கெட்டிங், மனிதவளம், சப்ளை செயின், தகவல் அமைப்புகள், பொது மேலாண்மை ஆகிய ஏழில் எதற்கு வேலைச் சந்தையில் மதிப்பு அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னும் மூன்று விஷயங்களையும் சொல்லியிருக்கிறீர்கள். கணக்கு ஓரளவு வரும். முதலாண்டில் பேரேடு எழுதியது சலித்துப்போனது. சீனியர்கள் எல்லோரும் நிதி எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு முறை படித்த பிறகு, உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று தோன்றியது. "எனக்குப் பிடிக்காத கணக்கியலை விட்டுவிட்டால் பெரிதாக எதையாவது இழந்துவிடுவேனா?" அதுதானே? அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். ஏழு மேஜர்களையும் ஒப்பிடுவது அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கியல் படித்தவன். ஆறு ஆண்டுகள் தணிக்கையில் இருந்தேன், பிறகு ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவுக்குப் போனேன். கடைசிப் பதினோரு ஆண்டுகளாகப் புதிதாகப் பட்டம் முடித்து வருபவர்களை வேலைக்கு எடுக்கும் குழுவிலும் உட்கார்கிறேன். அதனால் கணக்கியல், நிதி, தகவல் அமைப்புகள் பற்றி உள்ளிருந்து பேச முடியும். மார்க்கெட்டிங்கும் மனிதவளமும் எனக்கு மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துப் பழக்கம். அவற்றைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மேஜருக்கு எவ்வளவு சம்பளம் என்ற பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஒவ்வொரு மேஜரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த மேஜர் படிக்காத ஒருவர் அதே வேலைக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? உள்ளேயே விடமாட்டார்கள் என்றால் அந்த மேஜருக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. அவரும் உங்களோடு அதே வரிசையில் நிற்பார் என்றால், மேஜரின் பெயர் உங்களுக்குப் பெரிதாக எதையும் தரவில்லை. அங்கே மற்றவைதான் பேசும். பட்டம் என்பது கற்றதன் சான்று மட்டுமில்லை, முதலாளிக்குத் தரும் ஒரு சமிக்ஞையும்கூட என்று பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதினார். 2001இல் பொருளாதார நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டதற்கு இந்த ஆய்வும் காரணம். எல்லோராலும் சுலபமாக அனுப்பக்கூடிய சமிக்ஞைக்கு மதிப்பில்லை என்பது அதன் சாரம். விண்ணப்பங்களைப் பிரிக்க உட்காரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஏழில் கணக்கியல் மட்டும் தனியாக நிற்கிறது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களாவது தணிக்கை செய்யப்பட்ட கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருக்கிறது. அதில் உரிமம் பெற்றவர்தான் கையெழுத்துப் போட முடியும். அந்த உரிமத்துக்குப் போகும் வழி கணக்கியல் பாடங்கள் வழியாகத்தான் சுருக்கமாக இருக்கிறது. பல நாடுகளில் செல்லும் கணக்காளர் தகுதியான ஏ.சி.சி.ஏ.வில் மொத்தம் 13 தாள்கள். பொருத்தமான பட்டம் வைத்திருந்தால் ஒன்பது வரை விலக்கு கிடைக்கும். அமெரிக்காவின் கணக்காளர் உரிமமான சி.பி.ஏ.வுக்கு நீண்ட காலமாக 150 கிரெடிட் மணிநேரப் படிப்பு வேண்டியிருந்தது. இப்போது பல மாநிலங்கள் அதைத் தளர்த்தி வருகின்றன, ஆனால் கணக்கியல் பாடங்களை எடுத்தாக வேண்டும் என்பது போகவில்லை. 2001இல் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் கணக்கு மோசடியில் சரிந்தது, அடுத்த ஆண்டே நிறுவனக் கணக்குகளைக் கறாராக்கும் சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் வந்தது. உள் கட்டுப்பாடுகளைச் சோதிப்பது ஒரு பெரிய வேலையாகவே வளர்ந்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு ஊழலும் வேறு துறைகளில் ஆட்களைக் குறைக்கிறது; கணக்கியலில் மட்டும் ஆட்களைக் கூட்டுகிறது. (தணிக்கை அலுவலகங்களில் நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்போம். கொஞ்சம் குற்ற உணர்வோடுதான்.)

உள்தணிக்கைக்கு ஆள் எடுத்தபோது ஒரு முறை நடந்தது இது. மார்க்கெட்டிங் படித்த ஒரு பெண்ணின் விண்ணப்பம், மென்பொருள் கழித்துப் போட்ட குவியலில் கிடந்தது. தற்செயலாக என் கண்ணில் பட்டது. எழுத்து அருமை, கேள்வி கேட்கும் புத்தி இருந்தது, ஒரு தொண்டு நிறுவனத்தின் செலவுக் கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடித்த அனுபவமும் இருந்தது. கணக்கியல் கிரெடிட் மட்டும் போதவில்லை. நான் வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. அதே மாதம் விற்பனைத் தரவு ஆய்வுக்கு ஆள் எடுத்தோம். அங்கே கணக்கியல், பொருளாதாரம், மார்க்கெட்டிங், ஏன், வரலாறு படித்தவர்கூடக் கடைசிச் சுற்றுவரை வந்தார். கணக்கியல் படித்தவர் மற்ற மேஜர்காரர்களின் வேலைக்குப் போக முடிகிறது. மற்றவர்கள் அவருடைய வேலைக்கு வருவது கஷ்டம். என்னோடு படித்தவர்களில் பாதிக்கு மேல் இன்று கணக்கியலில் இல்லை. ஒருவர் கொள்முதல் தலைவர், ஒருவர் கடன் பிரிவில், ஒருவர் சொந்தத் தொழில். எவருக்கும் கணக்கியல் படித்தது தடையாக இருக்கவில்லை.

அதற்காகக் குறைகளை மறைக்க மாட்டேன். முதல் மூன்று ஆண்டுகள் அரைத்தெடுப்பார்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதங்களில் வீட்டு ஆட்கள் முகம் மறந்துபோகும். தொடக்கச் சம்பளம், போட்ட உழைப்போடு ஒப்பிட்டால், சுமார்தான். தொழில்முறைத் தேர்வுகள் வேறு பட்டத்துக்குப் பிறகும் துரத்தும். ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சலிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலாண்டில் நீங்கள் பார்த்தது கணக்கு எழுதுவது. 1494இல் லூக்கா பச்சோலி அச்சில் விவரித்த அதே இரட்டைப் பதிவு முறை. இன்று அதை மென்பொருள் செய்துவிடுகிறது. தொழிலில் நாள் முழுக்க நாம் செய்வது முடிவெடுப்பது. மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து ஒரு இயந்திரத்தை விற்றால், முழுத் தொகையையும் இன்றே வருமானமாகக் காட்டலாமா? கிடங்கில் தூசி படிந்து கிடக்கும் சரக்குக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா? இந்த வாடிக்கையாளர் பணம் தருவாரா? முதல் கேள்விக்கு மட்டும் ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்று ஒரு முழு சர்வதேசக் கணக்குத் தரநிலையே இருக்கிறது, 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதையும் படித்துவிட்டு இரண்டு பேர் இரண்டு பதில் சொல்வார்கள். பேரேடு சலித்தது என்பதற்காக இதுவும் சலிக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம். இதுவும் சலித்தால், அப்போது அது உங்களுக்கான வேலை இல்லைதான்.

சரி, சீனியர்கள் சொல்லும் நிதி. இந்த ஒரு பெயருக்குள் இரண்டு வெவ்வேறு உலகங்கள் இருக்கின்றன. சம்பளக் கதைகள் வருவது முதலீட்டு வங்கி, நிதி மேலாண்மை நிறுவனங்கள் என்ற சின்ன உலகத்திலிருந்து. அங்கே குறிப்பிட்ட சில கல்லூரிகளிலிருந்துதான் அதிகம் எடுப்பார்கள். அதிலும் நிதி படித்தவரோடு பொறியியல், இயற்பியல், கணிதம் படித்தவர்களும் வரிசையில் நிற்பார்கள். அந்தத் துறையில் மதிப்புள்ள நிதி ஆய்வாளர் தகுதியான சி.எஃப்.ஏ.வுக்கு நிதி மேஜர் வேண்டும் என்று நிபந்தனை கிடையாது. மூன்று நிலைத் தேர்வுகளை எந்த மேஜர் படித்தவரும் எழுதலாம். தேறுவதுதான் பிரச்சினை. அண்மைக் காலத்தில் முதல் நிலையிலேயே எழுதுபவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. ஆக, நிதியின் பளபளப்பான பக்கத்துக்குள் நுழைய உங்கள் கல்லூரியின் பெயரும் இன்டர்ன்ஷிப்பும் மேஜரின் பெயரைவிட அதிகம் உதவும்.

இன்னொரு உலகம் பெரியது, அமைதியானது. வங்கிக் கடன் ஆய்வு, நிறுவனத்தின் ரொக்க மேலாண்மை, பட்ஜெட், காப்பீடு. பெரும்பாலான நிதி மாணவர்கள் இங்கேதான் வந்து சேர்கிறார்கள், நல்லபடியாகவே வாழ்கிறார்கள். ஆனால் வகுப்பில் படிப்பதற்கும் இங்கே செய்வதற்கும் தூரம் இருக்கிறது. மார்க்கோவிட்ஸின் முதலீட்டுத் தொகுப்புக் கோட்பாடு (1952), ஆப்ஷன் ஒப்பந்தங்களுக்கு விலை போடும் பிளாக் ஷோல்ஸ் சூத்திரம் (1973) எல்லாம் தேர்வில் வரும். வேலையில் முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்கறிக்கையைப் பிரித்து, எக்செலில் அடுத்த ஐந்து ஆண்டு ரொக்கம் எப்படி வரும் போகும் என்று போட்டுப் பார்ப்பதுதான். அதற்குக் கணக்கியல் தெரிய வேண்டும்.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். நான் கண்டுபிடித்ததில்லை, இந்தத் துறையில் எல்லோரும் கேட்பதுதான். தேய்மானம் (இயந்திரம் போன்ற சொத்து பழையதாவதற்காக ஆண்டுதோறும் எழுதும் செலவு) 100 கூடினால், வரி விகிதம் 25 சதவீதம் என்றால், மூன்று அறிக்கைகளிலும் என்ன மாறும்? லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 100 குறைகிறது. வரி 25 குறைகிறது. நிகர லாபம் 75 குறைகிறது. தேய்மானத்துக்குக் கையிலிருந்து பணம் போகவில்லை, அதனால் ரொக்க ஓட்டத்தில் அந்த 100ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 25 கூடுகிறது. பேலன்ஸ் ஷீட்டில் சொத்து 100 குறைந்து ரொக்கம் 25 கூட, நிகரமாக 75 குறைவு. எதிர்ப்பக்கம் சேர்த்துவைத்த லாபமும் 75 குறைவு. இரண்டு பக்கமும் சரியாகிவிடும். நிதியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களில் பலர் "லாபம் குறையும்போது ரொக்கம் எப்படிக் கூடும்?" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கணக்கியலில் இரண்டு தாள் கூடுதலாகப் படித்திருந்தால் நின்றிருக்க மாட்டார்கள். நிதி எடுக்கும் பிள்ளைகளிடம் நான் வைக்கும் ஒரே கோரிக்கை இதுதான். இன்டர்மீடியட் அக்கவுன்டிங்கைத் தவிர்க்காதீர்கள்.

தகவல் அமைப்புகள், சில கல்லூரிகளில் பிசினஸ் அனலிட்டிக்ஸ். இதில் பெயரை நம்பவே கூடாது, பாடத்திட்டத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். தரவுத்தள வடிவமைப்பு, அதிலிருந்து தரவைத் தேடி எடுக்கும் எஸ்.கியூ.எல். மொழி, புள்ளியியலில் குறைந்தது இரண்டு தாள், ஏதாவது ஒரு நிரல்மொழி இருந்தால் இந்த ஏழில் கணக்கியலுக்கு அடுத்து நான் மதிப்பது இதைத்தான். டிஜிட்டல் மாற்றம் பற்றிய ஸ்லைடுகளும் குழு விவாதங்களும்தான் பாடம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. டேவிட் டெமிங்கும் கடீம் நோரேயும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கணினி, பொறியியல், வணிகம் போன்ற தொழில்நுட்பம் சார்ந்த படிப்புகளுக்குக் கிடைக்கும் கூடுதல் ஊதியம் அனுபவம் கூடக்கூட வேகமாகக் குறைகிறது என்று காட்டினார்கள். கருவிகள் மாறுகின்றன, பழைய திறன் காலாவதியாகிறது என்பது அவர்கள் விளக்கம். எனவே இந்த மேஜர் எடுப்பவர் பத்து ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி மாணவராகத் தயாராக இருக்க வேண்டும். ஐம்பது வயதில் அது அவ்வளவு சுலபமில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

சரக்கு வாங்கி, சேமித்து, கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றிய சப்ளை செயினுக்குக் கல்லூரி வளாகத்தில் மவுசு குறைவு. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் வழியை அடைத்தபோதுதான் பலருக்கு இப்படி ஒரு துறை இருப்பதே தெரிந்தது. எவ்வளவு ஆர்டர் போடுவது என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் தந்த சூத்திரத்திலிருந்து, கடையில் தேவை கொஞ்சம் ஆடினாலே ஆலையில் உற்பத்தி ஏன் பலமடங்கு ஆடுகிறது என்பதுவரை, பாடம் சுவையானது, கணக்கும் உண்டு. படித்து வருபவர்கள் குறைவு என்பதால் நேர்காணலில் உங்களைப் போல நாலு பேர்தான் இருப்பார்கள், நாற்பது பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் வேலை ஆலையும் கிடங்கும் துறைமுகமும் இருக்கும் இடத்தில் இருக்கும், நீங்கள் இருக்க விரும்பும் இடத்தில் இருக்காது. சரக்கு வண்டிக்கு இரவு பகல் தெரியாது. இது ஒத்துவரும் என்றால் கணக்கு ஓரளவு வரும் உங்களைப் போன்றவருக்கு நல்ல இடம்.

மார்க்கெட்டிங்கை மட்டமாகப் பேசுவது என்னைப் போன்ற கணக்குக்காரர்களின் கெட்ட பழக்கம். பாடத்தில் குறை இல்லை. அந்த வேலைக்கு மேஜர் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். எழுதத் தெரிந்தவர், படம் பிடிக்கத் தெரிந்தவர், பேசத் தெரிந்தவர் எல்லோரும் வரலாம், வருகிறார்கள். அதனால் செய்து காட்டியது என்ன என்றுதான் கேட்பார்கள். ஒரே விளம்பரத்தை இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்து எது விற்றது என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த மார்க்கெட்டிங் மாணவரை நாங்கள் கைவிட்டதே இல்லை. பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கையும் ஆங்கிலத்தில் நான்கு பி என்று மெக்கார்த்தி 1960இல் வகுத்ததை மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் யார் முகமும் நினைவில் இல்லை. மனிதவளம் பற்றிச் சுருக்கமாக: பயனுள்ள துறை, ஆனால் நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் மனிதவளத்துக்கு ஓரிருவர்தான் தேவை. தொடக்கநிலை இடங்கள் குறைவு. சம்பளக் கணக்கும் தொழிலாளர் சட்டமும் தெரிந்து வந்தால் நிலைமை வேறு.

பொது மேலாண்மையைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன். இருபத்திரண்டு வயதில் யாரும் உங்களை மேலாளராக எடுப்பதில்லை. மேலாண்மை தெரியும் என்று பட்டம் சொல்லும்; எதை மேலாண்மை செய்யத் தெரியும் என்று கேட்டால் பதில் இருக்காது. இதற்குத் தரவும் இருக்கிறது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, புதிதாகப் பட்டம் முடித்தவர்கள் எந்த மேஜரில் எப்படி இருக்கிறார்கள் என்று அமெரிக்கத் தரவை வைத்து வெளியிட்டு வருகிறது. வேலை கிடைத்ததா என்பதோடு, கிடைத்த வேலைக்குப் பட்டம் தேவையா என்பதையும் அதில் பார்க்கிறார்கள். பொது மேலாண்மை படித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பட்டம் தேவைப்படாத வேலையில் இருக்கிறார்கள். கணக்கியலில் அந்தப் பங்கு அதைவிட வெகுகுறைவு. ஒரே கட்டடத்தில், ஒரே கட்டணம் கட்டிப் படித்தவர்கள் இவர்கள். ஒரு நாட்டுத் தரவுதான் என்றாலும், கணக்கியலுக்கும் பொது மேலாண்மைக்கும் நடுவில் உள்ள இடைவெளி நான் மேசையிலிருந்து பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துவிடுகிறேன். உரிமம் வேண்டிய வேலைகளில் மேஜருக்குத் தனி மதிப்பு உண்டு என்பது உறுதி, உரிமம் வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. சம்பளப் பட்டியல்களை நேரடியாக நம்பக் கூடாது என்பதும் உறுதி. நிதி படித்தவர் அதிகம் வாங்குகிறார் என்றால் அது நிதியாலா, அல்லது கணக்கில் கெட்டிக்காரர்களும் பெரிய கல்லூரிக்காரர்களும் நிதியை எடுப்பதாலா என்று பட்டியல் சொல்லாது. வித்தியாசம் முழுவதும் ஆளைப் பொறுத்தது, மேஜரைப் பொறுத்தது இல்லை என்றே நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கருத்தை மாற்றியது 2022இல் வந்த ஒரு ஆய்வு. சாக்ரி ப்ளீமரும் ஆஷிஷ் மேத்தாவும் சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களைப் பார்த்தார்கள். அறிமுகத் தாள்களில் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் அங்கே பொருளாதார மேஜர் கிடைக்காது. கோட்டை மயிரிழையில் தாண்டியவருக்கும் மயிரிழையில் தவறவிட்டவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது அல்லவா? அப்படித் தாண்டி மேஜரைப் பெற்றவர்கள், இரண்டாவது விருப்பத்தைப் படித்திருந்தால் வாங்கியிருக்கக்கூடியதைவிட, வேலையின் தொடக்க ஆண்டுகளில் 46 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் அவர்கள் அதிகம் சம்பளம் தரும் துறைகளுக்குப் போனது. ஆக மேஜருக்கு உண்மையிலேயே பலன் உண்டு. ஆனால் பாடம் மூளையில் என்ன ஏற்றியது என்பது மட்டுமில்லை, உங்களை எந்தத் துறையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதும் அந்தப் பலனில் ஏறத்தாழப் பாதி. அது பொருளாதாரத்தைப் பற்றிய ஆய்வு. வணிக மேஜர்களுக்குள் இதே அளவு இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே வித்தியாசம் சிறியதாக இருக்கும் என்பது என் ஊகம்.

மேஜரைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் யாரும் பட்டம் முடிக்கும் ஆண்டைப் பற்றிப் பேசுவதில்லை. 2006இல் ஆசையாக நிதி எடுத்தவர்கள், 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தபோது கடைசி ஆண்டில் இருந்தார்கள். கனடாத் தரவை வைத்து ஒரியோபௌலோஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, மந்தநிலையில் பட்டம் முடிப்பவருக்குத் தொடக்கத்தில் ஊதியம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது, அந்த இழப்பு முழுதாக மறையப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. சின்ன நிறுவனத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு படியாக மாறி மேலே வருகிறார்கள். சந்தை எப்போது விழும் என்று கணிக்க முடியாது. ஒரே துறையை நம்பி நிற்காத மேஜர், அப்படி விழும்போது கொஞ்சம் தாங்கும். கணக்கு எழுதாத தொழில் கிடையாது, பொருள் நகராத தொழிலும் குறைவு.

செயற்கை நுண்ணறிவு வந்தால் கணக்கியலே போய்விடுமே என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இதில் எனக்கும் உறுதியில்லை, ஆனால் ஒரு பழைய கதை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 2013இல் 702 தொழில்களை எடுத்துக்கொண்டு, கணினிமயமாகும் வாய்ப்பைக் கணித்தார்கள். கணக்காளர், தணிக்கையாளருக்கு அவர்கள் போட்ட எண் 94 சதவீதம். பத்தாண்டு கழிந்த பின் அமெரிக்கத் தணிக்கை நிறுவனங்கள் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பின. 1979இல் எக்செலுக்கு முன்னோடியான விசிகால்க் என்ற மென்பொருள் வந்தபோதும் இதே பயம் இருந்தது. பதிவு எழுதும் எழுத்தர் வேலைகள்தான் குறைந்தன, அந்த எண்களைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்களின் தேவை கூடியது. இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். முன்பு புதியவர்களுக்குக் கொடுத்துப் பழக்கிய வேலைகளில் ஒரு பகுதியை இப்போது மென்பொருள் செய்வதை என் கண் முன்னாலேயே பார்க்கிறேன். வவுச்சர் பார்த்துப் பழகாதவர் நாளை தணிக்கைத் தலைவராக எப்படி ஆவார் என்பது எங்கள் குழுவுக்கே விடை தெரியாத கேள்வி. மார்க்கெட்டிங்கில் விளம்பர வாசகம், மனிதவளத்தில் விண்ணப்பம் சலிப்பது, நிதியில் மாதிரி போடுவது எல்லாவற்றிலும் இதே கதைதான். எனவே இந்தப் பயத்தை வைத்து மேஜர் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இப்போது உங்களுக்கு. கணக்கியலை விட்டால் இழப்பு உண்டா? மேஜராக விடுவதில் இழப்பு, உரிமம் என்ற அந்த ஒரு வழி மட்டும்தான். அது உங்களுக்கு வேண்டாம் என்றால் பயப்பட வேண்டியதில்லை. கணக்கியல் தாள்களையே விட்டுவிட்டால் இழப்பு பெரியது. உங்கள் இடத்தில் இருந்தால் நான் அடுத்த பருவத்தில் இன்டர்மீடியட் அக்கவுன்டிங்கின் முதல் தாளையும் ஒரு தரவுத்தளத் தாளையும் சேர்த்து எடுப்பேன். மேஜர் சொல்லும் தேதியைத் தள்ளிப்போட அனுமதி உண்டா என்று துறை அலுவலகத்தில் கேட்பேன். பல கல்லூரிகளில் ஒரு பருவம் அவகாசம் தருவார்கள். முதல் தாள் பிடித்துவிட்டால் கணக்கியல் எடுங்கள். அப்படிச் செய்தால், உங்கள் நாட்டில் உரிமம் தரும் அமைப்பின் இணையதளத்தில் எந்தெந்தத் தாள்களுக்கு விலக்கு என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கல்லூரி சொல்வதை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தாங்க முடிந்தது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் நிதி எடுத்துக்கொண்டு, இரண்டாவது தாளையும் விருப்பப் பாடமாக முடியுங்கள். எஸ்.கியூ.எல். தாள்தான் அதிகம் பிடித்தது என்றால் தகவல் அமைப்புகள். அதோடு அந்த ஒரு கணக்கியல் தாள் சேர்ந்தாலே கணினித் தணிக்கை என்ற துறை உங்களைத் தேடும், அங்கே இரண்டும் தெரிந்தவர்கள் எப்போதும் பற்றாக்குறை.

அதற்கு முன்பு ஒரு வாரயிறுதி ஒதுக்கி இன்னொன்றும் செய்யுங்கள். நீங்கள் வேலை செய்ய விரும்பும் இடத்தில் வெளியான தொடக்கநிலை வேலை விளம்பரங்கள் முப்பதை எடுத்து, எத்தனையில் மேஜரின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், எத்தனையில் "அல்லது தொடர்புடைய பட்டம்" என்று விட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னது உங்கள் ஊரில் எவ்வளவு பொருந்துகிறது என்பது அந்த முப்பதில் தெரிந்துவிடும். எண்ணிப் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். நான் சொன்னதற்கு மாறாக இருந்தால் எனக்கும் தெரிய வேண்டும்.